கை மட்டும் இருந்த படம்

பெரியம்மா இறந்த மறுநாள் காலையில் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். "நீ காலேஜ்ல படிக்கையில பெரிய கேமராவ வச்சு அம்மாவப் படம் எடுத்தியே தாயி, அதுல ஒண்ணு குடு. பேப்பர்க்காரங்க கேக்காங்க. மாலை போடவும் ஒண்ணு வேணும்."

சாத்தூர்ப் பக்கம் ஒரு பயராபீஸில் மருந்து செலுத்தும் அறையில் தீப்பிடித்து அவர் போனார். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலைதான் பார்த்தார். நான் வீட்டுக்கு ஓடி, பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து நெகட்டிவ் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு ரோலில் 12 படம். ஏழு படத்தில் பெரியம்மாவின் கைகள். இரண்டில் பாதங்கள். ஒன்றில் முதுகு. ஒன்றில் தூக்குவாளி. ஒன்றில் திண்ணையில் விழுந்த அவர் நிழல். முகம் ஒன்றில்கூட இல்லை.

கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டார்கள். மறுநாள் பேப்பரிலும் அதுதான் வந்தது. மங்கிப்போய், யாரோ ஒருத்தியைப் போல.

அந்தக் கைகளின் படத்துக்குக் கல்லூரியில் எனக்குப் பாராட்டுக் கிடைத்திருந்தது. அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளிபோல் மின்னும் கைகள், ரேகை ரேகையாகக் கறுத்த விரல் மடிப்புகள். 'உழைப்பின் அழகியல்' என்று ஒரு பேராசிரியர் சொன்னார். நானும் அதைப் பெண்ணியப் படம் என்றே நம்பியிருந்தேன். அண்ணன் கேட்ட அன்றிலிருந்து அந்த நம்பிக்கையை நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது. என் படத்தைப் பற்றியும், அதை எடுத்த கேமராவைப் பற்றியும், அதே கேமராவை ஏந்திய வேறு பெண்களைப் பற்றியும் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேமரா என்னுடையது இல்லை. விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் 2003-இல் எனக்கு இரவல் கொடுத்தது. ரோலைஃபிளெக்ஸ். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் பால் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக்கே என்ற இருவர் 1920-இல் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. முதல் ரோலைஃபிளெக்ஸ் 1929 வாக்கில் சந்தைக்கு வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. 120 ரோலில் 6 செ.மீ.க்கு 6 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டே படம். கழுத்தில் மாட்டி வயிற்றருகே பிடித்துக்கொண்டு, மேலே திறந்திருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அதில் பிம்பம் இடம் வலமாக மாறித் தெரியும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவாள். பழகும்வரை தலை சுற்றும்.

அண்ணாச்சி அதைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "இதுல மேல பாக்குறது ஒரு கண்ணு, கீழ எடுக்குறது இன்னொரு கண்ணு. கிட்டக்கப் போனா ரெண்டுக்கும் வித்தியாசம் வரும். மட்டமான கேமராவா இருந்தா தல வெட்டுப்படும். இது நல்ல சாமான், அதுவே சரி பண்ணிக்கிடும்." உண்மைதான். பார்க்கும் லென்ஸ் சில சென்டிமீட்டர் மேலே இருப்பதால், பக்கத்தில் இருக்கும் ஆளை எடுக்கும்போது கீழ் லென்ஸுக்கு உச்சந்தலை அகப்படாமல் போகும். ரோலைஃபிளெக்ஸில் ஃபோகஸ் திருகைத் திருப்பத் திருப்ப, கண்ணாடிக்கு அடியில் ஒரு சட்டம் நகர்ந்து அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். எடுக்கப்படும் ஆளின் தலை வெட்டுப்படக் கூடாது என்பதற்காக யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அந்தக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே என் பெரியம்மாவின் தலையை வெட்டியவள் நான்.

இந்த வகைக் கேமராவைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு புகழ்ச்சி உண்டு. கண்ணுக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டாமல், குனிந்து பார்த்து எடுப்பதால் இது பணிவான கேமரா என்பார்கள். எதிரில் இருப்பவருக்குப் புகைப்படக்காரர் தலைவணங்குகிறார் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நானும் என் கல்லூரிக் கட்டுரையில் அதை எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

எங்கள் ஊருக்கு அது பொருந்துமா என்று பார்த்தால் பொருந்தாது. தீப்பெட்டி ஆபீஸிலும் பயராபீஸிலும் பெண்கள் பார்க்கும் வேலை பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குழாய் சுற்றுவது, மருந்து செலுத்துவது, சரம் பின்னுவது எல்லாமே. நின்றுகொண்டு கேமராவை வயிற்றருகே வைத்தாலும் லென்ஸ் அவள் தலைக்கு மேலேதான் இருக்கும். நான் குனிவது கண்ணாடியைப் பார்க்க. அவளுக்கு வணக்கம் சொல்ல இல்லை. லென்ஸ் அவள் கண்ணுக்கு நேரே வர வேண்டுமானால் ஒரே வழி, நானும் தரையில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்வதற்கு இந்தக் கேமரா நன்றாகவே தோதுப்படும். மடியில் வைத்து எடுக்கலாம், தரையில் வைத்தும் எடுக்கலாம். கேமரா வசதி செய்து தரும், அவ்வளவுதான். உட்காருவதும் உட்காராததும் எடுப்பவளின் முடிவு.

மகளிர் தினம் வந்தால் ரோலைஃபிளெக்ஸோடு சேர்த்து நாம் நினைவுகூரும் பெயர் ஹோமாய் வியாரவல்லா. குஜராத்தின் நவ்சாரியில் 1913 டிசம்பர் 9 அன்று ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1942-இல் டெல்லிக்குப் போய் பிரிட்டிஷ் அரசின் தகவல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். சுதந்திரத்தின்போது செங்கோட்டையில் கொடி ஏறியதையும், மவுண்ட்பேட்டன் நாட்டை விட்டுப் போனதையும், காந்தியின் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார். சேலை கட்டிக்கொண்டு, ரோலைஃபிளெக்ஸையும் அதைவிடப் பெரிய ஸ்பீட் கிராஃபிக்கையும் சுமந்துகொண்டு, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே நின்று எடுத்தார். 1970-இல் கேமராவைக் கீழே வைத்தார். 2011-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 2012 ஜனவரி 15-இல் வதோதராவில் இறந்தார்.

மாணவிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறோம். கேமரா பெண் கைக்கு வந்தது, பெண் வெளியே வந்தாள், சுபம். நடுவில் விட்டுப்போகும் ஒரு செய்தி இருக்கிறது. ஹோமாய் தொடக்கத்தில் எடுத்த படங்கள் அவர் பெயரில் வரவில்லை. அவர் கணவர் மானெக்‌ஷாவும் புகைப்படக்காரர். படங்கள் அவர் பெயரில் அச்சாயின. பெயர் தெரியாத ஒரு பெண் எடுத்த படத்தைப் போட அன்றைய பத்திரிகை தயங்கியது. பிற்பாடு 'டால்டா 13' என்ற புனைபெயரும் ஹோமாய்க்கு வந்தது. பிறந்தது 1913, கணவரைச் சந்தித்தது 13 வயதில், கார் எண் டி.எல்.டி. 13 என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். வேடிக்கையான பெயர்தான். ஆனாலும் கண்ணால் பார்த்து, கையால் எடுத்து, இருட்டறையில் கழுவி முடித்தவளின் சொந்தப் பெயர் படத்தின் கீழே வர எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் சேர்த்துத்தான் நாம் சொல்ல வேண்டும். சபீனா கடிஹோக் அவரோடு வருடக்கணக்கில் பேசி எழுதிய நூல் 2006-இல் வந்த பிறகுதான் பலருக்கு அவரை முழுதாகத் தெரிந்தது. அப்போது ஹோமாய்க்கு 92 வயது தாண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹோமாயின் படங்களில் அதிகம் பேசப்படுவது நேருவின் சிகரெட் படம். விமானத்துக்குள் நேரு தன் வாயில் ஒரு சிகரெட்டை வைத்தபடி, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் சிகரெட்டுக்குத் தீ வைக்கிறார். நல்ல படம். அதிகாரத்தில் இருக்கும் ஆண் அசந்திருக்கும் ஒரு கணம். அந்தப் பெண்மணி யார்? பெரும்பாலான குறிப்புகளில் 'பிரிட்டிஷ் துணை ஹைகமிஷனரின் மனைவி, திருமதி சைமன்' என்றுதான் இருக்கும். கணவரின் பதவி, கணவரின் பெயர். பெயர் மறைக்கப்பட்ட ஒரு பெண் எடுத்த படத்துக்குள்ளும் ஒரு பெண் பெயரில்லாமல் இருக்கிறாள். அவள் எங்கள் ஊர்த் தொழிலாளி இல்லை, ராஜதந்திரி வீட்டுப் பெண். அவளுக்கே அந்த நிலைமை.

ஹோமாய் எடுத்ததில் எனக்கு அதைவிட நெருக்கமானவை 1930களின் கடைசியில் ஜே.ஜே. கலைப்பள்ளியில் தன் தோழிகளை எடுத்த படங்கள். ரெஹானா மொகல் என்ற சக மாணவி அவற்றில் அடிக்கடி வருகிறார். அந்தப் படங்களில் இருக்கும் பெண்கள் கேமராவுக்குப் பயப்படவில்லை. எடுப்பவள் தங்களில் ஒருத்தி என்பது அவர்கள் உட்காரும் விதத்திலேயே தெரிகிறது. எடுத்தவளுக்கும் எடுக்கப்பட்டவளுக்கும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும். நேருவையும் மவுண்ட்பேட்டனையும் எடுக்க டெல்லியில் நூறு கேமரா இருந்தது. அந்த மாணவிகளை அப்படி எடுக்க ஹோமாய் ஒருவர்தான் இருந்தார். அவர் பங்களிப்பை அளக்க வேண்டும் என்றால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஹோமாய்க்கு உயிரோடு இருக்கும்போதே பெயர் வந்து சேர்ந்தது. சிகாகோவில் பணக்காரக் குடும்பங்களின் குழந்தைகளை வளர்க்கும் ஆயாவாக வேலை பார்த்த விவியன் மையருக்கு அதுவும் இல்லை. அவரும் ரோலைஃபிளெக்ஸ்தான் வைத்திருந்தார். ஒரு லட்சத்துக்கு மேல் படங்கள் எடுத்து, யாருக்கும் காட்டாமல் பெட்டிகளில் வைத்திருந்தார். வாடகை கட்ட முடியாமல் போன பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்குப் போயின. 2009-இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைக் கொண்டாடியது. நெகட்டிவ்களை வாங்கியவர்கள் ஆண்கள். எதைப் பிரிண்ட் போடுவது, எதை விடுவது என்று முடிவு செய்ததும் அவர்கள்தான். படம் எடுத்தவளுக்கு நெகட்டிவ் மேல் இருக்கும் உரிமையே இப்படிக் கைமாறிப் போகிறது என்றால், படத்துக்குள் இருப்பவளின் உரிமையை யார் பேசுவது?

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சிவகாசியில் இருந்து 1923-இல் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில். ஆகவே இந்தியாவிலேயே பெண் முகத்தை அதிகம் அச்சடித்த ஊர்களில் சிவகாசியும் ஒன்று. காலண்டரில் லட்சுமி, சரஸ்வதி. பட்டாசுப் பெட்டி லேபிளில் சினிமா நடிகை, கம்பி மத்தாப்புப் பிடித்துச் சிரிக்கும் கொழுகொழுக் குழந்தை. லட்சுமி வெடியின் மேல் லட்சுமி. இந்த முகங்களைத் தாளில் ஒட்டுகிறவளும், உள்ளே மருந்து வைக்கிறவளும் எங்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள் முகம் லேபிளில் வராது. வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஊர் பெண் முகத்தை எதற்கு வைத்துக்கொள்கிறது, எந்தப் பெண் முகத்தை வேண்டாம் என்கிறது என்பது அந்த லேபிளிலேயே தெரிகிறது என்கிறேன்.

எங்கள் பெண்களின் முகம் வெளியே போன சமயங்கள் இரண்டு. ஒன்று, குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை பேசப்பட்ட காலம். 1980களிலும் 90களிலும் பத்திரிகைகளிலும் ஆவணப்படங்களிலும் எங்கள் சிறுமிகள் வந்தார்கள். சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' 1990-இல் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் வழக்கறிஞர்களின் உழைப்பும், களத்தில் அலைந்தவர்களின் உழைப்பும், படங்களின் உழைப்பும் இருந்தன. அந்தப் படங்கள் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் பத்திரிகையில் வந்த படத்துக்குக் கீழே 'சிவகாசியில் வேலை செய்யும் ஒரு சிறுமி' என்று மட்டும் போட்டிருக்கும். அந்தச் சிறுமிகள் இன்று நாற்பதும் ஐம்பதும் வயதான அம்மாக்கள். தன் படம் எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது சமயம், வெடிவிபத்து. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். எங்கள் பக்கத்தில் தேதி சொல்ல வேண்டாம், ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும். அன்றைக்குக் கேமராக்கள் வரும். புகை, இடிந்த அறை, ஆஸ்பத்திரி வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு அழும் பெண்கள். இறந்தவள் பெயர் அப்போதுதான் முதன்முதலாக அச்சில் வரும். கூடவே வாக்காளர் அட்டைப் படம்.

லேபிளில் வேறு ஒருத்தியின் முகம். பிரச்சினை பேசும்போது பெயர் இல்லாத முகம். செத்த பிறகு பெயரும் மங்கிய முகமும். இந்த வரிசையில் நான்காவதாக என் படத்தைச் சேர்க்க வேண்டும். அதில் பெயரும் இல்லை, முகமும் இல்லை, கை மட்டும் இருந்தது.

அந்தக் கையில் இருந்த பவுடருக்கும் கேமராவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. எனக்கு அது தெரிந்தது பெரியம்மா போன பிறகுதான். 1887-இல் ஜெர்மனியில் அடோல்ஃப் மீத்தே, யோஹனஸ் கேடிக்கே என்ற இருவர் புகைப்படத்துக்கான மின்னல் பவுடரை உண்டாக்கினார்கள். மக்னீசியம், பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்ஃபைடு. ஒரு உலோகப் பொடி, அதை எரிய வைக்க ஆக்சிஜன் தரும் ஒரு உப்பு, கூட ஒரு கந்தகச் சேர்மம். எங்கள் வெடியில் இருக்கும் அலுமினியப் பவுடர், வெடியுப்பு, கந்தகம் என்ற மூன்றும் அதே தத்துவம்தான். அந்தப் பவுடர் வந்த கையோடு நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் ஏழைகளின் இருட்டு அறைகளுக்குள் ராத்திரி நேரத்தில் நுழைந்து, அதைக் கொளுத்திப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் சீர்திருத்தத்துக்கு உதவின. படத்தில் இருப்பவர்கள் திடுக்கிட்டு விழித்துப் பார்க்கிறார்கள். தன் பவுடராலேயே அவர் படமெடுத்த இடத்தில் தீப்பிடித்த சம்பவங்களும் நடந்தன.

மின்னல் பவுடரால் புகைப்படக்காரர்கள் கை கருகினார்கள், சிலர் செத்தும் போனார்கள். ஆகவே அந்தத் தொழில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. மெல்லிய அலுமினியத் தகட்டை ஆக்சிஜனோடு கண்ணாடி பல்புக்குள் அடைத்தார்கள். 1929-இல் ஜெர்மனியில் அந்த பல்பு விற்பனைக்கு வந்தது, ரோலைஃபிளெக்ஸ் வந்த அதே காலம். அதன் பிறகு புகைப்படக்காரர்கள் பவுடரைத் தொட வேண்டிய தேவை குறைந்துபோனது. அதே உலோகம், அதே வெளிச்சம், நடுவில் ஒரு கண்ணாடி. படம் எடுப்பவரின் கைக்கும் நெருப்புக்கும் நடுவில் கண்ணாடி வைக்க உலகத்துக்குச் சுமார் 40 வருடம் ஆனது. சிவகாசியில் தொழில் தொடங்கி 100 வருடம் தாண்டிவிட்டது. என் பெரியம்மாவின் கைக்கும் அந்தப் பவுடருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசத்தைத்தான் என் படம் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளி நிறம் அழகாக விழுந்திருக்கிறது என்பதோடு நான் நின்றுவிட்டேன்.

அன்று சாயங்காலம் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. கம்பெனி வேன் இறக்கிவிட்டுப் போயிருந்தது. பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்ததும் எழுந்தார்.

"இரு தாயி, கையக் கழுவிட்டு, தலயச் சீவி, நல்ல சீல ஒண்ணு உடுத்திட்டு வாரேன்."

"வேணாம் பெரியம்மா. இப்படியே இருங்க. இதுதான் நல்லா இருக்கும்."

"இந்தக் கோலத்துலயா? பேய் மாதிரில்ல இருக்கேன்."

"முகம் வராது பெரியம்மா. கை மட்டுந்தான்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "கை மட்டுமா? சரி, எடு" என்று மறுபடி உட்கார்ந்தார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். எனக்கு அப்போது அது சம்மதமாகப் பட்டது. இன்று பார்த்தால் அவர் விட்டுக்கொடுத்தார், நான் எடுத்துக்கொண்டேன். அவருக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு விருப்பம் இருந்தது. அதைச் சொன்னார். நான் உண்மையின் பெயரால் அதை மறுத்தேன். அழுக்கோடு இருந்தால்தான் உழைக்கும் பெண், நல்ல சேலை கட்டினால் பொய் என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

முகத்தை விட்டதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. முகம் காட்டினால் வேலை போய்விடலாம், அடையாளத்தைப் பாதுகாக்கிறேன் என்றேன். அந்தக் காரணம் சில சமயம் நியாயமானது. வன்முறைக்கு ஆளான பெண்ணின் முகத்தைக் காட்டாமல் இருப்பது கடமை. பெரியம்மா விஷயத்தில் அது பொய். அவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், யாருக்கும் எதிராக ஒன்றும் சொல்லவில்லை. தனிப்பட்ட ஒருத்தியைவிட 'உழைக்கும் பெண்' என்ற பொது உருவம் பெரியது என்று நினைத்தேன். ஒரு கை எல்லாப் பெண்களின் கையாகவும் ஆகும் என்று எழுதினேன். எல்லோருக்கும் பொதுவாக ஆன அந்தக் கை, கடைசியில் அவள் பிள்ளைக்குப் பயன்படவில்லை.

எங்கள் அம்மாவிடம் ஒரு படம் இருக்கிறது. அதுவும் சதுரப் படம், இதுபோன்ற ஏதோ ஒரு 120 ரோல் கேமராவில் எடுத்தது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். ஒரு பங்குனிப் பொங்கலுக்குத் தோழிகள் நான்கு பேர் காசு சேர்த்து விருதுநகருக்கு வந்து, பொருட்காட்சி பார்த்து, ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டது. பின்னால் திரையில் தாஜ்மகால். நடுவில் பூச்சாடி. நான்கு பேருக்கும் தலை நிறையக் கனகாம்பரம். ஒருத்தி கையில் இரவல் கைக்கடிகாரம். எல்லோரும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். படத்தின் பின்பக்கம், நான்கு பேரில் எழுதத் தெரிந்தவள் நான்கு பெயரையும் வரிசையாக எழுதியிருக்கிறாள்.

படிக்கும் காலத்தில் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். செயற்கை, திரைச்சீலை, இரவல் நகை என்று. இப்போது அதுதான் நான் பார்த்த படங்களில் சரியாக எடுக்கப்பட்ட படமாகத் தெரிகிறது. எப்போது எடுப்பது, யாரோடு நிற்பது, என்ன உடுத்துவது என்று நான்கு பேரும் தாங்களே முடிவு செய்தார்கள். தங்கள் கூலியில் காசு கொடுத்தார்கள். ஆளுக்கொரு பிரிண்ட் வாங்கினார்கள். பெயரும் எழுதினார்கள். கலைப்பள்ளி மாணவிகளை ஹோமாய் எடுத்த படங்களில் எதைப் பார்த்து நான் மகிழ்ந்தேனோ, அது எங்கள் வீட்டு பீரோவிலேயே இருந்திருக்கிறது.

இன்று என் மாணவிகள் கைபேசியோடு சிவகாசிப் பக்கம் போகிறார்கள். வெள்ளிக் கைகளோடு திரும்பி வருகிறார்கள். நன்றாகவே எடுக்கிறார்கள், என்னைவிட நன்றாக. நான் மூன்று கேள்வி கேட்கிறேன். அவர்கள் பெயர் என்ன? எப்படி எடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்? அவர்களுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தாயா? மூன்றுக்கும் பதில் இருந்தால் கையை எடுத்தாலும் சரி, காலை எடுத்தாலும் சரி. இல்லை என்றால் திரும்பப் போகச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு மாணவி, "மேடம், அவங்க கேட்ட மாதிரி எடுத்தா எல்லாமே பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வருது" என்றாள். வரட்டும் என்றேன். முதலில் அந்தப் படத்தை எடுத்துக் கொடு, பிறகு உன் படத்தைக் கேள்.

அண்ணாச்சி ஸ்டூடியோவை மூடும்போது அந்தக் கேமராவை எனக்கே கொடுத்துவிட்டார். போன பங்குனிப் பொங்கலுக்கு ஒரு ரோல் வாங்கி ஊருக்குப் போனேன். பெரியம்மாவோடு வேலை பார்த்த மதினி ஒருவர் வாசலில் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். படம் எடுக்கவா என்று கேட்டேன். எழுந்து உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வேப்பமரத்து நிழலில் போட்டார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"மூஞ்சி வருமா?" என்றார்.

"வரும் மதினி."

"அப்ப ரெண்டா எடு. ஒண்ணு இப்ப மாட்ட, ஒண்ணு பின்னால மாட்ட."